தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

கேள்வி: எங்கள் பாட்டி பெற்றது ஒன்பது, தங்கியது நான்கு. இறந்த ஐந்து குழந்தைகளைப் பற்றிக் கண் கலங்காமல், கடன் கணக்குச் சொல்வதுபோல் சொல்கிறார். அக்காலத்துத் தாய்மார்களுக்குப் பிள்ளைப் பாசம் குறைவா?
– வாசகி ஒருவர், அம்மாப்பேட்டை, சேலம்.

பதில்: இல்லை. உங்கள் தெருவில் குப்புசாமி, குப்பம்மாள், பிச்சைமுத்து என்ற பெயரில் முதியவர் எவரேனும் இருந்தால், அப்பெயர் வந்த கதையைக் கேட்டுப் பாருங்கள். மூத்த பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீட்டில் பிறந்த குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்தி, வேறொருத்தி எடுத்துக்கொண்டதும், அவளிடம் ஒரு முறம் தவிட்டைக் கொடுத்துத் தாயே அதைத் திரும்ப வாங்கி, ஆண்பிள்ளையானாலும் மூக்குக் குத்தி, எவருக்கும் வேண்டாத பொருளின் பெயரை இட்டு அழைப்பாள். பாசம் குறைந்தவள் எமனை ஏமாற்ற இத்தனை பாடுபடுவாளா?

செவ்வாய்ப்பேட்டையில் எனக்குத் தெரிந்த பாட்டி ஒருவர், கக்குவான் இருமலில் போன மகளின் வெள்ளிக் கொலுசை அடுத்துப் பிறந்த பெண்ணுக்குப் போடவே இல்லை. பஞ்ச காலத்தில் அடகு வைத்ததையும் வட்டி கட்டி மீட்டார். அவரும் கண் கலங்காமல்தான் பேசுவார்.

அன்று அவர்கள் கையில் இருந்தது குறைவு. அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகி, தாளிதம் நிறுத்தி, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளுக்குக் காத்திருப்பார்கள். ஏற்காட்டு மலைக் கிராமங்களிலோ, காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூளியில் கட்டி அடிவாரத்துக்கு இறக்குவதே பெரும்பாடு. பெரியம்மை இந்தியாவை விட்டு 1975-இல் அகன்றது. 1978-இல் தொடங்கி 1985-இல் விரிவடைந்த தடுப்பூசித் திட்டம் தொண்டை அடைப்பான் என்னும் டிப்தீரியாவையும் கக்குவானையும் பின்னுக்குத் தள்ளியது. கர்ப்பிணிக்குப் போட்ட ஊசியும், தொப்புள்கொடி அறுத்த சுத்தமான பிளேடும் பச்சிளம் குழந்தைகளை ரணஜன்னி என்னும் டெட்டனஸிலிருந்து காத்தன. வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரே போதுமாயிற்று. இவ்வளவு மலிவான மருந்துக்கு இன்னும் உரிய மரியாதை கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம். 1971-இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 129 பேர் ஓராண்டு நிறையுமுன் இறந்தனர். 2020-இல் 28 பேர், தமிழகத்தில் 13 பேர்.

மாறியது பாசமன்று, எதிர்பார்ப்பு. அன்று துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருத்தியும் ஒரு பிள்ளையையாவது பறிகொடுத்தவளாக இருந்ததால், பேச்சின்றி அருகில் அமர்ந்தாள். இன்று அதே துக்கத்துக்கு ஆளான தாயிடம் வருபவர்கள் கேட்பது, “எந்த ஆஸ்பத்திரி? ஏன் முன்னாலேயே காட்டவில்லை?”