ஆட்டக்களம் கேள்வி–பதில்: ஒரு நாளைக்கு இரண்டு கருணை

கும்பகோணத்தில் பத்து வருடம் பிரௌசிங் சென்டர் நடத்தியவன் நான். செல்போன் வந்து அதைப் படுக்க வைத்த பிறகு, அதே மாடியில் மாதம் ஒரு ஞாயிறு கேம் வட்டம் நடத்துகிறேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதி அந்த வட்டத்தைப் பற்றித்தான்.

கேள்வி: வீடியோ கேம்களையும் மனித விழுமியங்களையும் பற்றிப் பேசும் ஆய்வு வட்டம் ஒன்றை எங்கள் கல்லூரியில் தொடங்க ஆசை. துறைத் தலைவரிடம் சொன்னால் சிரிக்கிறார். நீங்கள் எப்படித் தொடங்கினீர்கள்?
– கல்லூரி ஆசிரியர், கரூர்

சிரிக்கிறார் என்றால் கேட்டிருக்கிறார் என்று அர்த்தம். எனக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. ஒரு கல்லூரியின் கருத்தரங்கக் கூடத்தை ஞாயிறு மதியத்துக்குக் கேட்டிருந்தேன். சரி என்றார்கள். முதல் நாள் சாயங்காலம் போன் வந்தது. "கேம்னு போட்டிருக்கீங்க, பெற்றோர் பார்த்தா வம்பு." நோட்டீசில் 'விழுமியம்' என்றுதான் பெரிய எழுத்தில் போட்டிருந்தேன். அதைப் படித்த டீக்கடைக்காரர், "இது என்ன லேகியம் அண்ணே?" என்று கேட்டார். அன்றிலிருந்து 'நல்லது கெட்டது' என்றே போடுகிறோம்.

ஆக, முதல் கூட்டம் என் மாடியில். ஏழு பேர் வந்தார்கள். இரண்டு மணிக்குக் கரண்ட் போய்விட்டது. வந்தவர்களைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல் பரணிலிருந்து பழைய 'பிசினஸ்' அட்டையை இறக்கினேன். பம்பாய், கல்கத்தா எல்லாம் வாங்கி வாடகை வசூலிப்போமே, அதே அட்டைதான். ஒரு மணி நேரத்தில் ஒருவர் நான்கு பேரைத் திவாலாக்கினார். அப்புறம் ஒரே ஒரு விதியை மாற்றினோம்: இடத்துக்கு வரும் வாடகை சொந்தக்காரருக்குப் போகாது, நடுவில் இருக்கும் பொது டப்பாவுக்குப் போகும்.

இது என் மூளையில் உதித்தது இல்லை. இந்த வகை ஆட்டத்துக்கே தாய் எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண்மணி. 1904இல் காப்புரிமை வாங்கினார். நிலத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு வாடகையில் கொழுப்பது எவ்வளவு அநியாயம் என்று காட்டத்தான் அவர் அந்த ஆட்டத்தைச் செய்தார். பிறகு அதற்கு இரண்டு வகை விதிகள் வைத்தார். ஒன்றில் ஒருவர் எல்லாரையும் விழுங்குவார், இன்னொன்றில் வாடகை பொதுக் கஜானாவுக்குப் போகும். உலகம் முதல் வகையை மட்டும் எடுத்துக்கொண்டது!

டப்பா விதி வந்ததும், நான்கு பேரைத் திவாலாக்கிய மனிதர் கொட்டாவி விட்டார். "சார், உங்களுக்கு ஏன் போரடிக்குது?" என்று ஒரு மாணவி கேட்டாள். அன்றைய கூட்டத்தின் மீதி முழுக்க அந்தக் கேள்வியிலேயே ஓடியது. கதையை மாற்றவில்லை, படத்தை மாற்றவில்லை. ஒரு விதிதான் மாறியது, மனிதர்கள் வேறாக நடந்துகொண்டார்கள்.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். கட்டுரை வாசிக்கிற கூட்டமாக ஆரம்பிக்காதீர்கள். எல்லாரும் ஒரே ஆட்டத்தை, ஒரே அறையில், ஒரே நேரத்தில் ஆடுங்கள். நேர்மை பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்டால் யாரும் அழகாகப் பேசிவிடுவார்கள். "நீ அந்தம்மாவை ஏன் உள்ளே விடவில்லை?" என்று கேட்டால்தான் திணறுவார்கள்.

எந்த அம்மா என்கிறீர்களா? 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' என்று ஒரு ஆட்டம், லூகாஸ் போப் 2013இல் வெளியிட்டது. இல்லாத ஒரு நாட்டின் எல்லைச் சாவடியில் நீங்கள் பாஸ்போர்ட் பார்க்கிற குமாஸ்தா. எத்தனை பேரைப் பார்த்து அனுப்புகிறீர்களோ அத்தனை பேருக்குத்தான் கூலி. அந்தக் கூலியில் வீட்டுக்குச் சாப்பாடு, குளிருக்குக் கணப்பு, பிள்ளைக்கு மருந்து. ஒருநாள் ஒரு கணவர் வருகிறார், காகிதம் எல்லாம் சரி. போகும்போது, பின்னால் மனைவி வருகிறாள், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார். மனைவி வருகிறாள், அனுமதிச் சீட்டு இல்லை. தப்பாக முத்திரை குத்தினால் மேலிடத்திலிருந்து உடனே சீட்டு வரும். ஒரு நாளில் முதல் இரண்டு தப்புக்கு எச்சரிக்கை மட்டும். மூன்றாவதிலிருந்து சம்பளத்தில் பிடிப்பார்கள்.

பழைய டிவியில் லேப்டாப்பைச் செருகி, மௌஸை ஆள் மாற்றி ஆடினோம். முத்திரை குத்துவதற்கு முன் எல்லாரும் கை தூக்கிச் சொல்ல வேண்டும் என்று விதி. எங்கள் வட்டத்தில் தாலுகா ஆபீசில் 31 வருடம் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் உண்டு. அவர் யோசிக்கவே இல்லை. "உள்ளே விடு. முதல் ரெண்டு தப்புக்கு அபராதம் கிடையாதுல்ல? அப்ப ஒரு நாளைக்கு ரெண்டு கருணை பட்ஜெட்ல இருக்கு" என்றார். அறையே சிரித்தது. கடைசி பெஞ்சிலிருந்து பி.காம். படிக்கிற பையன் ஒருவன் மெதுவாகக் கேட்டான்: "நாம கவனக்குறைவா ரெண்டு தப்பு பண்ணிட்டா அந்த ரெண்டும் போயிடுமே சார்?"

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், வேலையில் சுத்தமாக இருக்கிறவனால்தான் அடுத்தவனுக்கு இரங்க முடியும், தன்னுடைய ஆபீசிலும் அப்படித்தான் இருந்தது, தேதி சரிபார்க்காமல் கெட்ட பேர் வாங்கியவனால் யாருக்கும் உதவ முடிந்ததில்லை என்றார். அதை மறுத்து ஒரு நர்ஸ் பேசினார். அஞ்சல் வழியில் தத்துவ எம்.ஏ. படித்தவன் நான். இரண்டு வருடத்தில் ஒருநாள்கூட இப்படி ஒரு வகுப்பு எனக்கு வாய்க்கவில்லை.

அன்று முதல் ஒரு நோட்டு போட்டோம். ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே கோடு. இடது பக்கம் 'செய்தேன்', வலது பக்கம் 'நினைத்தேன்'. இடது பக்கத்தை நிரப்பாமல் வலது பக்கம் எழுதக் கூடாது. நாற்பது பக்க நோட்டு இப்போது மூன்றாவது ஓடுகிறது. உங்கள் துறைத் தலைவரிடம் திட்ட அறிக்கை கொடுக்காதீர்கள், ஆறு மாதம் கழித்து இந்த மாதிரி நோட்டைக் கொடுங்கள்.

ஆள் சேர்ப்பதில் ஒரு விஷயம். உங்கள் துறை ஆட்களை மட்டும் சேர்க்காதீர்கள். அமெரிக்காவில் மேரி ஃபிளானகன், ஹெலன் நிசன்பாம் என்ற இருவர் இதே விஷயத்தைப் பல வருடம் சேர்ந்து செய்தார்கள், 2014இல் புத்தகமாகவும் வந்தது. ஒருவர் கலைஞர், கேம் செய்கிறவர். இன்னொருவர் தத்துவக்காரர். அந்த ஜோடிதான் முக்கியம். வெறும் தத்துவக்காரர்கள் என்றால் கேம் தொடங்கவே தொடங்காது. வெறும் புரோகிராமர்கள் என்றால் பேச்சு கிராபிக்ஸ் கார்டில் முடிந்துவிடும்.

அவர்கள் ஒரு சீட்டுக்கட்டு செய்திருக்கிறார்கள். ஒரு வகைச் சீட்டில் விழுமியம், இன்னொன்றில் வினைச்சொல், வேறொன்றில் தெரிந்த ஆட்டம், நான்காவதில் சமூகப் பிரச்சினை. எடுத்துச் சேர்த்துப் புது ஆட்டம் யோசிக்க வேண்டும். நாங்கள் கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தை வெட்டித் தமிழில் எழுதிக்கொண்டோம். 'மானம்' என்று ஒரு சீட்டு உண்டு. ஒருமுறை அது கிட்டிப்புள்ளோடு வந்து விழுந்தது. எங்கள் தெருவில் தோற்றவன் மூச்சை அடக்கிக் கத்திக்கொண்டே ஓட வேண்டும், மற்றவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். ஜெயித்தவனும் கூடவே ஓட வேண்டும் என்று விதி வைத்தால்? வைத்துப் பார்த்தோம். யாரும் சிரிக்கவில்லை, ஆட்டமும் கொஞ்சம் சப்பென்று ஆகிவிட்டது. மானம் போகிற பயம் இல்லாவிட்டால் கிட்டிப்புள்ளில் என்ன இருக்கிறது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

கேள்வி: ஏணியில் புண்ணியம், பாம்பில் பாவம் என்று நம் பரமபதத்திலேயே எல்லாம் இருக்கிறதே. வெளிநாட்டு ஆட்டம் எதற்கு?
– மூத்த வாசகர், ஸ்ரீரங்கம்

வைகுண்ட ஏகாதசிக்குக் கண் விழித்து ஆடியவன்தான் நானும். ஆனால் ஐயா, பரமபதத்தில் நீங்கள் பாவம் செய்வதில்லை. தாயம் உருண்டு அங்கே கொண்டுபோய் வைக்கிறது, பாம்பு கடிக்கிறது. தலைவிதியைப் பற்றிச் சொல்ல அதைவிட நல்ல பலகை கிடையாது. நடத்தையைப் பற்றிப் பேச அது போதாது என்று எனக்குப் படுகிறது.

ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரிச்சர்ட் கேரியட் 1985இல் வெளியிட்ட 'அல்டிமா 4' என்ற கணினி ஆட்டம். கடைசியில் கொல்வதற்கு ஒரு பெரிய வில்லன் கிடையாது. நேர்மை, கருணை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு ஆகிய எட்டிலும் தேற வேண்டும், அவ்வளவுதான். மந்திரத்துக்கு மூலிகை வேண்டும். மூலிகைக் கடையில் இருப்பவருக்குக் கண் தெரியாது. விலை சொல்வார், எண்ணி வைக்க வேண்டியது நீங்கள். ஒரே ஒரு காசு வைத்தாலும் மூலிகை கைக்கு வந்துவிடும். மணி அடிக்காது, போலீஸ் வராது. உங்கள் நேர்மை மட்டும் உள்ளே சத்தமில்லாமல் குறையும். அரண்மனையில் இருக்கும் ஒரு ஞானியிடம் போய்க் கேட்டால்தான் நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று தெரியும்.

எங்கள் வட்டத்தில் முதல் தடவை ஆடிய ஐந்து பேரில் நான்கு பேர் காசைக் குறைத்துத்தான் வைத்தோம். 'தோம்' என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: என் மகன் எப்போதும் துப்பாக்கி ஆட்டம்தான். இதில் என்ன விழுமியம் சார்?
– தந்தை, தஞ்சாவூர்

எல்லாத் துப்பாக்கி ஆட்டத்துக்கும் நான் வக்கீல் இல்லை. என் சென்டரில் மணிக்கு 15 ரூபாய் கொடுத்து, காரும் துப்பாக்கியுமாக ஊரைச் சுற்றுகிற 'வைஸ் சிட்டி' ஆடிய பையன்கள் எத்தனையோ பேர். எல்லாரும் காரை நடைபாதையில் ஏற்றுவார்கள். ஒருவன் மட்டும் சிவப்பு விளக்குக்கு நிற்பான். பின்னால் நிற்கிறவர்கள் கத்துவார்கள். ஏன்டா என்று கேட்டேன். "ஓட்டிப் பழகுறேன் அண்ணே" என்றான். அதே ஆட்டம்தான்.

'செப்டம்பர் 12' என்ற ஆட்டத்தை மகனோடு உட்கார்ந்து ஒருமுறை ஆடிப் பாருங்கள். உருகுவே நாட்டுக்காரர் கொன்சாலோ ஃபிராஸ்கா 2003இல் செய்தது. ஒரு கடைவீதி, சனங்களுக்கு நடுவே சில தீவிரவாதிகள். குறிவைத்து அழுத்தினால் ஏவுகணை கொஞ்சம் தாமதித்து விழும், அதற்குள் ஆட்கள் நகர்ந்திருப்பார்கள். செத்துக் கிடக்கிறவரைச் சுற்றி மற்றவர்கள் வந்து அழுவார்கள். அழுது முடித்து எழும்போது சிலர் தீவிரவாதியாக எழுவார்கள். வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. சுடாமலே இருக்கலாம். மகன் எத்தனை குண்டு போட்ட பிறகு கையை எடுக்கிறான் என்று எண்ணுங்கள், நீங்கள் எத்தனை போட்டீர்கள் என்பதையும்.

கேள்வி: நான் கேம் ஆடியதே இல்லை. இந்த மாதிரி வட்டத்தில் சேரலாமா?
– இல்லத்தரசி, பட்டுக்கோட்டை

தாராளமாக. என் மனைவியும் ஆடியதில்லை. 'வெண்பா' என்று 2023இல் கனடாவிலிருந்து வந்த ஆட்டத்தைக் கையில் கொடுத்தேன். 1980களில் அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பம், அம்மா வீட்டுச் சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது, விட்டுப்போனதை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பதே ஒரு புதிர். "ஆவி போகத் தட்டை மாத்தி வைக்கணும், இதெல்லாம் புதிரா?" என்றாள். அடுத்த கூட்டத்தில் இரண்டு புரோகிராமர்கள் அதே இடத்தில் முழித்தபோது அவள்தான் பாடம் எடுத்தாள்.

கேள்வி: முனைவர் பட்டத்துக்கு இதை எடுக்கலாமா? எங்கே படிப்பது, யாரோடு பேசுவது?
– முதுகலை மாணவர், திருச்சி

எடுக்கலாம் தம்பி. 'கேம் ஸ்டடீஸ்' இதழ் 2001இல் தொடங்கியது, ஆசிரியர் எஸ்பென் ஆர்செத். அந்த வருடத்தையே கணினி விளையாட்டு ஆய்வின் முதல் வருடமாகக் கொள்ளலாம் என்று முதல் இதழிலேயே எழுதினார். இலக்கியத் துறையும் திரைப்படத் துறையும் இதைச் சுருட்டிக்கொள்ளப் பார்க்கும் என்ற எச்சரிக்கையும் அதில் உண்டு. காசில்லாமல் படிக்கலாம். 'டிக்ரா' என்ற ஆய்வாளர் சங்கத்தின் முதல் மாநாடு 2003இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் நடந்தது, அதன் கட்டுரைகளும் இலவசம். நம் நாட்டில் என்றால் சௌவிக் முகர்ஜி எழுதியதிலிருந்து தொடங்கு. காலனிய வரலாற்றையும் வீடியோ கேமையும் சேர்த்து அவர் எழுதிய புத்தகம் 2017இல் வந்தது.

இருபது கேமைத் தொட்டுக்கொண்டு எழுதாதே, ஒன்றை எடு. 'செய்தேன்' பக்கத்தை முதலில் நிரப்பு.

கேள்வி: வட்டத்துக்கு எத்தனை பேர் வேண்டும்?
– கரூர் ஆசிரியரின் பின்குறிப்பு

ஐந்து பேர் போதும். பன்னிரண்டைத் தாண்டினால் மௌஸ் கைக்கு வருவதற்குள் போண்டா ஆறிவிடுகிறது.