தீயணைப்பு வீரர் அடித்த 225 கோல்கள்: குன்னார் நோர்டால் கேள்வி பதில்

இத்தாலியக் கால்பந்து கிளப்பான ஏசி மிலான் பற்றிப் பேச்சு வந்தாலே, குன்னார் நோர்டால் என்ற இந்த ஸ்வீடன்காரரை நடுவில் இழுத்துவிடுவேன். "யார் சார் அது?" என்று ஆளாளுக்குக் கேட்டுவிட்டதால் மொத்தமாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

கோவை வாசகர்: ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள். எந்த ஊர், என்ன வேலை?

1921 அக்டோபரில் வட ஸ்வீடனில் ஹோர்னெஃபோர்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். காகிதக்கூழ் ஆலையை நம்பியிருந்த ஊர். அண்ணன் தம்பி ஐந்து பேர். ஐவருமே ஸ்வீடனின் முதல்நிலை லீகில் ஆடியவர்கள். குன்னார் ஆடிய கிளப்புகள் முதலில் டெகர்ஃபோர்ஸ், 1944இலிருந்து நோர்ஷோப்பிங். அந்த ஆண்டே லாண்ட்ஸ்க்ரோனாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 7 கோல். 1945 முதல் 1948 வரை நோர்ஷோப்பிங் தொடர்ந்து சாம்பியன். ஆனால் அன்றைய ஸ்வீடனில் பந்தாட்டத்துக்குச் சம்பளம் கிடையாது. பிழைப்புக்கு அவர் பார்த்தது தீயணைப்பு வேலை. இத்தாலியிலும் அவருக்கு 'தீயணைப்புக்காரர்' என்றே பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

மதுரை வாசகர்: 1948 ஒலிம்பிக்கில் வலைக்குள் போய் நின்றாராமே? கட்டுக்கதையா?

கட்டுக்கதை இல்லை. அரையிறுதி, எதிரணி டென்மார்க். ஸ்வீடன் தாக்கிக்கொண்டிருந்தபோது நோர்டால் ஆஃப்சைடில், அதாவது எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டி விதிப்படி நிற்கக்கூடாத இடத்தில், மாட்டிக்கொண்டார். திரும்பி ஓட நேரமில்லை. சட்டென்று கோல்கோட்டைத் தாண்டி வலைக்குள் குதித்துவிட்டார். மைதானத்துக்கு வெளியே போய்விட்டவர் ஆட்டத்தில் இல்லை என்பது கணக்கு. அந்த நேரம் பார்த்து சக வீரர் ஹென்றி கார்ல்சன் தலையால் முட்டிய பந்து உள்ளே வர, வலைக்குள் நின்ற நோர்டாலே அதைக் கையால் பிடித்தார். நடுவர் கோல் கொடுத்துவிட்டார். ஆளைப் பார்த்தால் சுமார் 90 கிலோ எடையுள்ள முரட்டு உருவம். மூளை அவ்வளவு வேகம்.

ஸ்வீடன் 4-2 என்று ஜெயித்து, வெம்ப்லியில் நடந்த இறுதியில் யூகோஸ்லாவியாவை 3-1 என்று வென்றது. அதில் குன்னார் கிரென் இரண்டு, நோர்டால் ஒன்று. தொடர் முழுக்க நோர்டாலுக்கு 7 கோல். அவருடைய சகோதரர்கள் பெர்டில், கினுட் இருவரும் தங்கப்பதக்க அணியில் இருந்தார்கள்.

திருச்சி வாசகி: அதே ஒலிம்பிக்கில் இந்தியாவும் ஆடியதுதானே?

ஆமாம், பெரும்பாலானோர் வெறுங்காலில். பிரான்ஸிடம் 2-1 என்று தோற்றோம். இரண்டு பெனால்டிகளைக் கோட்டைவிட்டோம். நம் ஒரே கோல் சாரங்கபாணி ராமன் அடித்தது. ஸ்வீடனோடு மோத வாய்ப்பே அமையவில்லை. கொரியாவை அவர்கள் 12-0 என்று நொறுக்கியதைப் பார்த்தால், அதுவும் நல்லதற்குத்தான்.

சென்னை வாசகர்: மிலானுக்கு எப்படிப் போனார்?

மிலான் குறிவைத்தது இவரை இல்லை, பிளோகர் என்ற டேனிஷ் வீரரை. அவர் ரயிலில் வந்துகொண்டிருக்கும்போதே போட்டி கிளப்பான யுவென்டஸின் ஆட்கள் ஏறிப் பேசி மடக்கிவிட்டார்கள் என்றும், சமாதானத்துக்கு நோர்டாலை மிலானுக்கு விட்டுக்கொடுத்தார்கள் என்றும் சொல்வார்கள். உண்மையென்றால் யுவென்டஸ் செய்ததிலேயே மோசமான பேரம் இதுதான். 1949 ஜனவரியில் வந்தவர், மீதமிருந்த அரை சீசனில் 15 ஆட்டங்களில் 16 கோல் அடித்தார். அடுத்த சீசனில் கிரெனும் இன்னொரு ஸ்வீடன்காரரான லீட்ஹோல்மும் வந்து சேர, மூவர் பெயரையும் சுருக்கி 'கிரே-நோ-லி' என்று அழைத்தார்கள். 1950 பிப்ரவரியில் யுவென்டஸின் சொந்த ஊரான டுரினுக்கே போய் அவர்களை 7-1 என்று துவைத்தார்கள். நோர்டால் ஹாட்ரிக். அவரைச் சமாளிக்க முடியாமல் யுவென்டஸ் தடுப்பாளர் பரோலா எட்டி உதைத்து வெளியேற்றப்பட்டார்.

அந்த சீசனில் மட்டும் 35 கோல். 2016இல் இகுவாயின் 36 அடிக்கும்வரை, 66 வருஷம் அதை யாராலும் தாண்ட முடியவில்லை. ஐந்து முறை லீகின் அதிக கோல் வீரர். 1951இல் மிலானுக்கு லீக் பட்டம், அதுவும் 1907க்குப் பிறகு முதல்முறை. 1955இல் இன்னொன்று. கடைசியில் ரோமா கிளப்புக்கும் ஆடி, இத்தாலியின் முதல்நிலை லீகான சீரி ஏ-வில் 291 ஆட்டங்களில் 225 கோலோடு முடித்தார்.

சேலம் வாசகர்: இவ்வளவு பெரிய ஆள் உலகக்கோப்பையில் ஏன் இல்லை?

எனக்கு ஆத்திரம் வரும் இடம் இது. சம்பளத்துக்கு ஆடப் போனவர்களுக்குத் தேசிய அணியில் இடமில்லை என்று ஸ்வீடன் சங்கம் பிடிவாதமாக இருந்தது. ஸ்வீடனுக்காக 33 ஆட்டம், 43 கோல். 27 வயதில் கணக்கு மூடப்பட்டது. 1950 உலகக்கோப்பையில் அவர் இல்லாமலே ஸ்வீடன் இத்தாலியை 3-2 என்று வென்று மூன்றாமிடம் வந்தது. அவர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

1958இல் போட்டி சொந்த நாட்டிலேயே நடந்தபோதுதான் தடை விலகியது. அவரைவிட ஒரு வயது மூத்த கிரென் இறுதிப்போட்டியில் ஆடினார். கேப்டன் லீட்ஹோல்ம் பிரேசிலுக்கு எதிராக முதல் கோல் அடித்தார். மூவரில் நோர்டால் மட்டும் இல்லை. உலகக்கோப்பையில் ஆடாதவர்களை நாம் சுலபமாக மறந்துவிடுகிறோம் என்பது என் எண்ணம்.

புதுச்சேரி வாசகர்: ஸ்லாட்டனா, நோர்டாலா?

பின்னாளில் வந்த ஸ்வீடன் நட்சத்திரம் ஸ்லாட்டன் இப்ராஹிமோவிச், தேசிய அணிக்காக 122 ஆட்டங்களில் 62 கோல். சராசரியில் நோர்டால் பக்கத்தில் அவர் வர முடியாது. ஆனால் தடுப்பாட்டம் இறுகிய காலத்தில் ஆடியவர் ஸ்லாட்டன், அதையும் சொல்ல வேண்டும். பந்தை வைத்து வித்தை காட்ட ஸ்லாட்டன். கோல் மட்டும் வேண்டுமென்றால் என் ஓட்டு நோர்டாலுக்கு.

நெல்லை வாசகி: அப்புறம் என்ன ஆனார்? வாரிசு யாராவது?

ஸ்வீடன் திரும்பிப் பயிற்சியாளராக இருந்தார். மகன் தாமஸும் கால்பந்து வீரர். 1970 உலகக்கோப்பைக்கான ஸ்வீடன் அணியில் இடம்பிடித்தவர். நோர்டால் 1995 செப்டம்பரில் இத்தாலியின் சார்டினியா தீவில், அல்கெரோ நகரில் காலமானார்.