பர்மாவுல இருந்து குடும்பத்தோட அயுத்தயா போகலாமா? அங்க என்னென்ன பாக்கலாம்?

வயசான அம்மாவையும் பிள்ளைங்களையும் வச்சுக்கிட்டு ரங்கூன்ல இருந்து தாய்லாந்துல இருக்கிற அயுத்தயா போயிட்டு வர முடியுமா, பர்மாக்காரங்கன்னு தெரிஞ்சா பழைய சண்டைய நெனச்சு அங்க மூஞ்சியத் திருப்புவாங்களான்னு கேட்டிருக்கீங்க. ரெண்டாவதுக்கு மொதல்ல சொல்லிடறேன். எங்ககிட்ட யாரும் அப்படி நடந்துக்கல. ஆனா ஒவ்வொரு கோயில்லயும் போர்டு போர்டா படிச்சுக்கிட்டே போனா நமக்கே ஒரு மாதிரி ஆகும், அதுக்கு மனச தயார் பண்ணிக்கிட்டுப் போங்க.

எங்க டுக்டுக் (அந்த ஊரு ஆட்டோ) டிரைவர் எந்த ஊருன்னு கேட்டாரு, மியன்மார்ன்னேன், கண்ணாடில எங்க மூஞ்சிங்களப் பாத்துட்டு "இந்தியா, இந்தியா"ன்னு சிரிக்கிறாரு. கன்னத்துல நம்ம பர்மா மரப்பட்டைச் சாந்து, தனக்கா பூசிக்கிட்டு உக்காந்திருந்த என் பொண்ணத் திரும்பிப் பாத்தப்புறம்தான் நம்புனாரு. நம்ம நெலமை அப்படி, ஊர்ல இருந்தா 'கலா'ன்னு, அதாவது இந்தியாக்காரன்னு மட்டமா சொல்றான், வெளிய வந்தா இந்தியாங்கிறான்.

பேங்காக்குல இருந்து வடக்கே சுமார் 80 கிலோமீட்டர்தான், வேன்லயும் போகலாம், ஆனா நான் ட்ரெயினத்தான் சொல்வேன், மூணாம் கிளாஸ்ல ஜன்னலத் தொறந்து வச்சுக்கிட்டு வயக்காட்டப் பாத்துக்கிட்டே போனா பிள்ளைங்க தொந்தரவு பண்ணாது, டிக்கெட்டும் ரொம்ப மலிவு. ஸ்டேஷன் ஆத்துக்கு இந்தப் பக்கம் இருக்கு, பழைய ஊரு அந்தப் பக்கம். சாவ் பிரயா, பாசக், லோப்புரின்னு மூணு ஆறு சுத்தி வளைச்ச தீவு மாதிரி எடம் அது, 1351-ல தலைநகரா ஆக்குனாங்க, நானூறு வருஷத்துக்கு மேல அதுதான் சயாமுக்கு, அதாவது அந்தக்கால தாய்லாந்துக்குத் தலைநகரம். கோயில் விட்டு கோயில் தூரம், அம்மா இருந்தா நடக்கவே நடக்காதீங்க, மணிக்கு இவ்வளவுன்னு ஒரு டுக்டுக் எடுத்துக்கோங்க, ஏறுறதுக்கு முன்னாடியே ரேட்ட பேசிடுங்க.

எல்லாக் கோயிலையும் பாத்துடணும்னு ஓடாதீங்க. நாலாவது கோயிலுக்கு மேல எல்லாம் ஒரே செங்கல்லாத்தான் தெரியும். என்னக் கேட்டா ('வாட்'ன்னா கோயில்) வாட் மகாதாட், வாட் பிர சி சன்பெட், சாயங்காலம் வாட் சாய்வத்தனாராம், இது போதும்.

மகாதாட்லதான் அந்த மரத்து வேருக்குள்ள சிக்கின புத்தர் தலை இருக்கு, போட்டோல பாத்திருப்பீங்க. நேர்ல பாத்தா தரையோட தரையா, கொழந்தை ஒசரத்துக்குக் கீழதான் இருக்கும், வேரு அந்த மூஞ்சியச் சுத்தி ஃப்ரேம் போட்ட மாதிரி வளர்ந்திருக்கு. போட்டோ எடுக்கணும்னா உக்காந்துதான் எடுக்கணும், நம்ம தலை புத்தர் தலைக்கு மேல போகக் கூடாது. என் பையன் நின்னுக்கிட்டே போஸ் குடுக்கப் போனான், அங்க நின்ன காவலர் வாயத் தொறக்காம உள்ளங்கைய மட்டும் கீழ அமுத்திக் காட்டுனாரு, நம்ம ஊரு பயா (புத்தர் கோயில்) ஒவ்வொண்ணா சுத்தி வளர்ந்த பிள்ளைதானே, சட்டுனு முட்டி போட்டுட்டான். சுத்தியும் வரிசையா தலை இல்லாத புத்தருங்க. எல்லாம் 1767-ல பர்மாப் படை வெட்டுனதுன்னு கைடுங்க ஒரே வரில முடிச்சுடுவாங்க. அது பாதி நெசம்தான். ஊரக் கொளுத்துனது பர்மாப் படை, சின்பியூஷின் ராஜா அனுப்புனது, ஒரு வருஷத்துக்கு மேல முற்றுகை போட்டு ஏப்ரல்ல உள்ள பூந்தாங்க. ஆனா அதுக்கப்புறம் புதையல் தேடிக் கொடஞ்சவங்க, சிலை வியாபாரிங்களுக்காகத் தலைய அறுத்தவங்கன்னு கைவச்சவங்க நெறய பேரு. பேங்காக் கட்டுறப்ப இங்க இருந்தே செங்கல்லப் படகுல ஏத்திட்டுப் போயிருக்காங்க.

சன்பெட் அரண்மனைக் கோயில். மூணு பெரிய செடி (ஸ்தூபியத்தான் அங்க அப்படிச் சொல்றாங்க) வரிசையா நிக்கும். அங்க 16 மீட்டர் ஒசரத்துல தங்கத் தகடு போத்துன நின்ன புத்தர் இருந்துச்சாம், அந்தத் தங்கத்தத்தான் உருக்கிட்டுப் போனாங்க. என் பொண்ணு போர்டப் படிச்சுட்டு "அப்பா, பயின்னவுங் ராஜா, அலவுங்பயா ராஜா எல்லாம் நம்ம ஸ்கூல் புக்ல பெரிய ஹீரோ ஆச்சே"ன்னா. பர்மால பெகுவுல இருந்து ஆண்ட பயின்னவுங் 1569-லயே இந்த ஊரப் புடிச்சவரு, 1767-ல வந்தது அலவுங்பயாவோட மகன் அனுப்புன படைன்னு மட்டும் சொல்லி வச்சேன், மத்தத அவளே யோசிக்கட்டும். அம்மா பக்கத்துல, "பெகுக்காரங்க பண்ணுன வேலைய பாத்தியா"ன்னுட்டு ஏதோ அவங்க அண்ணன் தம்பி பண்ணுன மாதிரி வெக்கப்படுறாங்க, அவங்க பொறந்தது பெகு!

சன்பெட்டுக்குப் பக்கத்துலயே மொங்கோன் பொஃபிட்னு ஒரு கோயில், உள்ள பெரிய வெண்கல புத்தர். இங்க கண்டிப்பா அம்மாவக் கூட்டிட்டுப் போங்க, இது இடிபாடு இல்ல, ஜனங்க கும்புடுற எடம். 1767-ல கூரை எரிஞ்சு விழுந்து, அந்த புத்தர் ரொம்ப காலம் வெட்டவெளியிலதான் கெடந்திருக்காரு. இப்ப இருக்கிற கட்டடத்த 1950-கள்ல எழுப்புறதுக்குப் பணம் குடுத்தவங்கள்ல ஒருத்தர் யாரு தெரியுமா, அப்ப நம்ம பர்மாவுக்குப் பிரதமரா இருந்த ஊ நூ. ரெண்டு லட்சம் பாட் குடுத்தாரு. எங்கம்மா இதக் கேட்டதும் தெம்பாயிட்டாங்க, ஒரு தாமரை மொட்டு வாங்கி வச்சுட்டு ரொம்ப நேரம் எந்திரிக்கவே இல்ல.

சாய்வத்தனாராம் தீவுக்கு வெளிய மேற்குப் பக்கம், ஆத்தங்கரைல இருக்கு. 1630-ல கட்டுனது, கம்போடியாக்காரங்களோட க்மேர் பாணில கோபுரங்க. வெயில் எறங்குனப்புறம் போங்க. இப்ப வாடகைக்குப் பழங்காலத்து சயாம் டிரெஸ் எடுத்துப் போட்டுக்கிட்டு போட்டோ புடிக்கிற கூட்டம்தான் அங்க ஜாஸ்தி, என் வீட்டுக்காரிக்கும் பொண்ணுக்கும் அதுலயே பொழுது போயிடுச்சு, நான் காசு மட்டும் குடுத்தேன்.

சாப்பாட்டுல மீன் சாஸ் இல்லாம எதுவுமே வராது, அம்மா சைவம்னா பேங்காக்லயே கட்டுச்சோறு எடுத்துக்கோங்க. ஆனா ரொட்டி சாய் மாய்னு ஒரு இனிப்பு, அத விட்றாதீங்க. முஸ்லிம் கடைங்கள்ல கண்ணு முன்னாடியே மாவக் கையில உருட்டி சூடான கல்லுல ஒரு தேய் தேய்ச்சு எடுப்பாங்க, தோல் மாதிரி ஒரு ரொட்டி வரும், அதுக்குள்ள பச்சை, ரோஸ் கலர்ல நூல் நூலா சர்க்கரைய வச்சுச் சுருட்டி சாப்பிடணும். மாசம்னா நவம்பர்ல இருந்து பிப்ரவரிக்குள்ள போங்க. திஞ்சான் (பர்மா புதுவருஷம்) லீவு கெடைக்குதேன்னு ஏப்ரல்ல போகாதீங்க, செங்கல்லு மேல நிக்க முடியாது.

அப்புறம், இத யாரும் சொல்ல மாட்டாங்க, அயுத்தயா போறதுக்கு முன்னாடியோ அப்புறமோ நம்ம மாண்டலேல மகாமுனி புத்தர் கோயிலுக்குப் போங்க. அந்த வளாகத்துல ஒரு தனிக் கட்டடத்துல பழைய வெண்கலச் சிலைங்க ஆறு இருக்கு. மூணு சிங்கம், ஒரு மூணுதலை ஐராவதம், ரெண்டு சிவன். நம்மாளுங்க வயித்து வலின்னா சிலையோட வயித்தத் தேய்ப்பாங்க, முட்டி வலின்னா முட்டிய, அதுல அந்த எடமெல்லாம் பளபளன்னு இருக்கும், பாத்திருப்பீங்க. அதெல்லாம் கம்போடியால அங்கோர்ல செஞ்சது. 1431-ல சயாம்காரன் அங்கோர்ல இருந்து அயுத்தயாவுக்குத் தூக்கிட்டு வந்தான், 1569-ல பயின்னவுங் அங்க இருந்து பெகுவுக்குத் தூக்குனாரு, பெகு விழுந்தப்ப மேற்கே இருந்த அரக்கான் ராஜ்யத்துக்காரன் தூக்கிட்டுப் போனான், 1784 வாக்குல பர்மா ராஜா போதவ்பயா அரக்கானப் புடிச்சு மகாமுனி புத்தர் சிலையோட சேத்து இதையும் கொண்டாந்துட்டாரு. யாரு யாரத் திட்டுறதுன்னே தெரியல போங்க. எங்கம்மா வருஷக்கணக்கா அந்த சிவன் முட்டியத்தான் தேய்ச்சுக்கிட்டு இருந்தாங்க, அயுத்தயா வழியா வந்தவருன்னு சொன்னதுக்கு, "எங்க இருந்து வந்தா என்ன, வலி கொறையுதுல்ல"ன்னுட்டாங்க.

பேங்காக்ல ஒரு நாள் மிச்சம் இருந்தா அங்க சிலோம்ங்கிற ஏரியால மாரியம்மன் கோயில் இருக்கு, நம்ம தமிழாளுங்க கட்டுனது, அம்மா கட்டாயம் கேப்பாங்க.