பிரேசிலின் 124ஆம் இடம்

அன்புள்ள ஐயா,

வாகன உதிரிபாகங்கள் ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். பிரேசிலில் இதுவரை ஒரு இறக்குமதியாளர் மூலமாகத்தான் விற்று வந்தோம். இப்போது சாவ் பாவ்லோவில் நாமே ஒரு கம்பெனி தொடங்கலாமா என்று நிர்வாகம் யோசிக்கிறது. அங்கே தொழில் சூழல் எப்படி என்று அறிக்கை எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. உலக வங்கியின் 'எளிதாகத் தொழில் செய்தல்' பட்டியலைப் பார்த்தேன். 190 நாடுகளில் பிரேசில் 124, இந்தியா 63. 'வேண்டாம்' என்று எழுதி முடித்துவிடலாமா என்று தோன்றியது. ஆனால் இருபது கோடிப் பேர் உள்ள சந்தை. பஜாஜ் அங்கே போய் ஆலையே போட்டுவிட்டது. ஒரு நாட்டின் தொழில் சூழலை எதை வைத்து எடைபோடுவது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

'வேண்டாம்' என்று எழுதிவிடாதீர்கள். 'வேண்டும்' என்றும் இப்போதைக்கு எழுத வேண்டாம். நீங்கள் பார்த்த பட்டியல் 2020ஆம் ஆண்டு அறிக்கையுடையது. அதோடு அந்தப் பட்டியலே நின்றுவிட்டது. சீனா, சவுதி அரேபியா உள்ளிட்ட சில நாடுகளின் தரவுகளில் முறைகேடு நடந்திருப்பது விசாரணையில் தெரியவந்தபின், 2021 செப்டம்பரில் உலக வங்கி அதைக் கைவிட்டது. ஆனால் பழசு என்பதால் மட்டும் அதை ஒதுக்கச் சொல்லவில்லை. 124 என்பது பல மதிப்பெண்களைக் கூட்டி எடுத்த சராசரி. உங்களுக்கு வேண்டிய செய்தி அந்தச் சராசரிக்குள் ஒளிந்திருக்கிறது.

அதே அறிக்கையைப் பிரித்துப் பாருங்கள். வரி கட்டும் பிரிவில் பிரேசிலுக்கு 184ஆம் இடம். ஒரு நடுத்தர நிறுவனம் வரிக்கணக்கு வேலைக்கு மட்டும் ஆண்டுக்குச் சுமார் 1,500 மணி நேரம் செலவிட வேண்டும் என்றது அறிக்கை. ஆனால் ஒப்பந்தத்தை நீதிமன்றம் மூலம் நிறைவேற்றும் பிரிவில் பிரேசில் 58. ஒரு வணிக வழக்கு முடிய அங்கே 801 நாள், இந்தியாவில் 1,445 நாள். மொத்தப் பட்டியலில் இந்தியா முன்னால், வழக்கு என்று வந்தால் பிரேசில் வெகு தூரம் முன்னால். கடனுக்குச் சரக்கு விற்கப் போகிறவருக்கு இந்த இரண்டில் எது முக்கியம்? இன்னொன்று, பிரேசிலுக்கான அளவீடு சாவ் பாவ்லோ, ரியோ ஆகிய இரு நகரங்களை மட்டும் வைத்துச் செய்யப்பட்டது. 26 மாநிலங்களும் ஒரு கூட்டாட்சி மாவட்டமும் உள்ள நாடு அது.

அதனால் நாட்டை மொத்தமாக எடைபோடும் முயற்சியை விடுங்கள். உங்கள் சரக்கில் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு, அது சாவ் பாவ்லோ மாநிலத்தின் சான்டோஸ் துறைமுகத்தில் இறங்குவதிலிருந்து அதன் பணம் உங்கள் ஊர் வங்கிக்கு வந்து சேரும்வரை கூடவே போங்கள். பெட்டி எங்கெங்கே நிற்கிறதோ அதுதான் உங்களுக்கான தொழில் சூழல்.

முதலில் அது நிற்பது வரியில். இங்கே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், அறிக்கையின் பாதி இதுவாகத்தான் இருக்கப்போகிறது. இறக்குமதித் தீர்வை போக, மத்திய அரசுக்கு, தொழிற்சாலைப் பொருள்கள் மீது ஐபிஐ, விற்பனை வருவாய் மீது பிஐஎஸ், கோஃபின்ஸ் என்று மூன்று. மாநிலத்துக்கு, சரக்கு விற்பனை மீது ஐசிஎம்எஸ். சேவை என்றால் நகராட்சிக்கு ஐஎஸ்எஸ். ஐசிஎம்எஸ் ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு விதம். அதைக் கணக்கிடும் முறையும் புதியவர்களைத் திணறடிக்கும், ஏனென்றால் வரியையும் விலைக்குள் சேர்த்து, அந்த மொத்தத்துக்குத்தான் விகிதம் போடுவார்கள். 18 சதவீதம் என்று எழுதியிருக்கும். வரிக்கு முன் 100 ரெயால் (பிரேசில் நாணயம்) உள்ள பொருளின் விலை 118 ஆகாது, 121.95 ஆகும். அதில் 18 சதவீதம்தான் 21.95. அதாவது உண்மையில் நீங்கள் கட்டுவது கிட்டத்தட்ட 22 சதவீதம்.

இறக்குமதிச் சரக்கை வேறு மாநிலத்து வணிகருக்கு அனுப்பினால் பெரும்பாலும் 4 சதவீதம்தான். வரிச் சலுகை காட்டி இறக்குமதியைத் தங்கள் துறைமுகத்துக்கு இழுக்க மாநிலங்கள் போட்டி போட்டதால், அதை அடக்க 2013இல் வந்த விதி இது. எந்தத் துறைமுகத்தில் இறக்குவது, எந்த மாநிலத்தில் கிடங்கு வைப்பது என்பதெல்லாம் போக்குவரத்துச் செலவை விட வரிக்கணக்கை வைத்தே முடிவாகும் நாடு அது.

உதிரிபாகத் தொழிலுக்கென்று இன்னொரு தலைவலி உண்டு. பல மாநிலங்களில், கடைசிக் கடைக்காரர் வாடிக்கையாளருக்கு விற்கும்போது வரவேண்டிய ஐசிஎம்எஸ்ஸையும் இறக்குமதியாளரே முன்கூட்டிக் கட்டிவிட வேண்டும். கடைக்காரர் எவ்வளவு லாபம் வைத்து விற்பார் என்று அரசே ஒரு விகிதம் குறித்து வைத்திருக்கிறது. நீங்கள் வாங்குபவருக்கு 60 நாள், 90 நாள் தவணை கொடுத்திருப்பீர்கள். பணம் வரும் முன்பே, இன்னும் நடக்காத விற்பனைக்கான வரி உங்கள் கையை விட்டுப் போயிருக்கும். இப்போது இதோடு வட்டியைச் சேர்த்துப் பாருங்கள். பிரேசில் மத்திய வங்கியின் அடிப்படை வட்டி 2020 ஆகஸ்டில் 2 சதவீதம். 2025 ஜூனில் 15 சதவீதம். அது அடிப்படை வட்டிதான், வியாபாரிக்குக் கிடைக்கும் கடன் அதற்கும் மேலே. இத்தனை ஆண்டாக உங்கள் இறக்குமதியாளர் எடுத்துக்கொண்ட லாபம் அதிகம் என்று உங்கள் நிர்வாகம் நினைத்திருக்கும். அதில் எவ்வளவு இந்த முடங்கிய பணத்துக்கான வட்டி என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள். சொந்தக் கம்பெனி தொடங்கினால் அந்தச் சுமை அப்படியே உங்கள் தோளுக்கு மாறும்.

சரி, வாங்கியவர் பணம் தரவில்லை என்றால்? இங்கே பிரேசில் நன்றாகவே இருக்கிறது என்பது என் எண்ணம். நீதிமன்றத்துக்குப் போகும் முன் இன்னொரு வழி உண்டு. தவணை தவறிய பில்லை அதற்கென்று உள்ள பதிவகத்தில் கொடுத்தால், வாங்கியவருக்கு மூன்று வேலை நாள் அவகாசம். கட்டாவிட்டால் அவர் பெயர் பதிவாகி, கடன் தகவல் நிறுவனங்களுக்குப் போய்விடும். பிறகு மற்றவர்களிடம் கடனுக்குச் சரக்கு வாங்குவதே சிரமம். கையிலிருக்கும் பணத்தை அனுப்புவதும் எளிது. மத்திய வங்கி 2020 நவம்பரில் தொடங்கிய பிக்ஸ், நாள் முழுக்க நொடிகளில் பணம் அனுப்பும் முறை, நாடெங்கும் புழங்குகிறது.

தொழிலாளர் சட்டம் பற்றிப் பயமுறுத்துவார்கள். அடித்தளம் 1943இல் வந்த சட்டம், 2017இல் பெரிய திருத்தம் வந்தது. பதின்மூன்றாம் மாதச் சம்பளம், சம்பளத்தில் 8 சதவீதம் வேலைநீக்க நிதிக்கு, தனித் தொழிலாளர் நீதிமன்றம் எல்லாம் உண்டு. ஆனால் இவை எழுதி வைத்த செலவுகள், முன்கூட்டியே கணக்கிடலாம். பத்துப் பேரை வைத்து விற்பனை செய்யப்போகும் உங்களுக்கு இது முடிவை மாற்றும் விஷயமாகத் தெரியவில்லை.

பஜாஜ் போனதைக் காரணமாக எழுத வேண்டாம். அவர்கள் 2024இல் ஆலை தொடங்கியது மனாஸில், அமேசான் காட்டின் நடுவே. 1967 முதல் அங்கே வரிச்சலுகை மண்டலம் இருக்கிறது, அரசியல் சாசனமே அதை 2073 வரை நீட்டித்திருக்கிறது. அங்கே உற்பத்தி செய்பவருக்குப் பொருந்தும் வரிக்கணக்கு வேறு, சாவ் பாவ்லோவில் இறக்கி விற்பவருக்கு வேறு. மனாஸின் சிக்கலும் வேறு. சரக்குகள் பெரும்பாலும் ஆற்றுவழியாகத்தான் போய் வர வேண்டும். 2023இலும் 2024இலும் வறட்சியில் ஆறு வற்றியபோது கப்பல் போக்குவரத்தே தடுமாறியது.

இனி அறிக்கையில் கட்டாயம் வர வேண்டியது ஆண்டுக்கணக்கு. 2023 டிசம்பரில் வந்த அரசியல் சாசனத் திருத்தத்தின்படி நான் மேலே சொன்ன பழைய மறைமுக வரிகள் படிப்படியாக விலகி, மத்திய அரசுக்கு சிபிஎஸ், மாநிலங்களுக்கும் நகராட்சிகளுக்கும் ஐபிஎஸ் என்று இரண்டு வரப்போகின்றன. வரி விலைக்கு வெளியே நிற்கும், பொருள் நுகரப்படும் இடத்துக்கே போய்ச் சேரும். 2026 சோதனை ஆண்டு, மொத்தமே 1 சதவீதம். 2027இல் சிபிஎஸ் முழுமையாக வருகிறது. ஐசிஎம்எஸ் 2029 முதல் 2032 வரை குறைந்துகொண்டே போய், 2033இல் புதிய முறை மட்டும் இருக்கும். நல்ல சீர்திருத்தம், பல பத்தாண்டுகள் பேசிப் பேசி வந்தது. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் இரண்டு முறைகளும் சேர்ந்தே ஓடும், இரண்டுக்கும் கணக்கு எழுத ஆள் வேண்டும். போகிறபோக்கில் லாபத்தை ஊருக்கு அனுப்பும் செலவையும் பாருங்கள். 1996 முதல் வரி இல்லாமலிருந்த லாபப்பங்குக்கு, வெளிநாட்டுக்கு அனுப்பினால் 10 சதவீதம் என்று 2026 ஜனவரி முதல் வந்துவிட்டது.

என் கருத்தைக் கேட்டால், இறக்குமதியாளரை இப்போதே விட வேண்டாம். ஒரு சிறு அலுவலகம், உள்ளூர் வரிக் கணக்காளர் ஒருவர், 2029இல் ஐசிஎம்எஸ் குறையத் தொடங்கும்போது கிடங்கு. அதற்கு முன், அந்த இறக்குமதியாளரிடம் சென்ற ஆண்டுப் பில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பிரேசிலில் எல்லாமே மின்பில் என்பதால் அதில் வரி வாரியாகப் பிரித்துப் போட்டிருக்கும். அதை அறிக்கையின் முதல் பக்கத்தில் வைத்து, பக்கத்திலேயே நீங்கள் விற்றால் வரும் கணக்கை எழுதுங்கள். முடிந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், முன்கூட்டிக் கட்டும் வரியில் எத்தனை நாள் பணம் முடங்குகிறது என்பதை அவசியம் பார்க்க வேண்டும்.

அன்புடன்