நிற்கிற நேரத்துக்குக் கூலி

ஐயா, வணக்கம்.

காரிமங்கலம் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. அப்பா லாரி டிரைவர். சின்ன வயதில் கிளீனராக ஏறியவர், இன்னும் நேஷனல் பர்மிட் வண்டிதான் ஓட்டுகிறார். நான் ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை செய்கிறேன். கொஞ்ச நாளாக ஒரு தோழர் வீட்டுக்கு வந்து, டிரைவர் சங்கத்தில் சேரச் சொல்லி அப்பாவிடம் பேசுகிறார். அப்பாவோ, "சங்கத்துல சேந்தவன்னு தெரிஞ்சா எவன் வண்டி குடுப்பான்?" என்கிறார். சங்கத்தால் லாரி டிரைவரின் சம்பளமும் வசதியும் கூடும் என்பதற்கு எங்காவது ஆதாரம் உண்டா? தலைவர்கள் சந்தா வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். லாரி ஓனர்களைப் பார்த்தாலும் பாவமாக இருக்கிறது. தானாக ஓடும் லாரி வந்துவிட்டால் இதெல்லாம் எதற்கு என்றும் தோன்றுகிறது. பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்வியை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். விடியற்காலையில் பாலக்கோடு தக்காளி மண்டிக்குப் போய், அந்த நெரிசலில் ஒரு வண்டி ரிவர்ஸ் எடுப்பதைப் பாருங்கள். தானாக ஓடும் லாரியைப் பற்றி அப்புறம் பேசலாம். என்றைக்கோ வரப்போவதைக் காட்டி, இன்று ராத்திரி ஸ்டியரிங் பிடிக்கிறவரின் கூலியைத் தள்ளிவைப்பது படித்த பிள்ளைகளுக்குப் பழக்கமாகிவிட்டது. நீங்களுமா?

தலைவர்கள் சாப்பிடுகிறார்கள் என்கிறீர்கள். சிலர் சாப்பிடுகிறார்கள்தான். அமெரிக்காவில் ஜிம்மி ஹோஃபா என்று ஒருவர் இருந்தார், லாரி டிரைவர் சங்கத்தின் தலைவர். 1964 ஜனவரியில் நாடு முழுவதுக்குமாக ஒரே கூலி ஒப்பந்தத்தில் முதலாளிகளிடம் கையெழுத்து வாங்கினார். சுமார் 4 லட்சம் டிரைவர்கள் அதன்கீழ் வந்தார்கள். அதே வருடம் மார்ச்சில், ஜூரியை விலைக்கு வாங்கப் பார்த்த வழக்கில் அவருக்குத் தண்டனையும் ஆனது. ஆள் யோக்கியர் இல்லை. ஆனால் ஒப்பந்தத்தில் வந்த கூலி டிரைவர் வீட்டுக்குத்தான் போனது. 1980-ல் லாரித் தொழிலின் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார்கள், சங்கமில்லாத கம்பெனிகள் முளைத்தன, சங்கம் மெலிந்தது, விலைவாசியோடு வைத்துப் பார்த்தால் கூலியும் இறங்கியது. ஏறும்போதும் சேர்ந்து ஏறியது, இறங்கும்போதும் சேர்ந்து இறங்கியது. ஆதாரம் கேட்டீர்களே, எடுத்துக்கொள்ளுங்கள்.

அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். தருமபுரி டிப்போவில் அரசு பஸ் ஓட்டுகிறவரும் உங்கள் அப்பாவும் ஒரே தொப்பூர் கணவாயில்தான் இறங்குகிறார்கள். இருவர் கையிலும் ஹெவி லைசென்ஸ்தான். அவருக்கு ஊதிய ஒப்பந்தம், பி.எஃப்., வார விடுப்பு. பஸ் ஸ்டாண்டில் டைம் ஆகும்வரை நிற்பதும் அவருக்கு டூட்டிதான். அவருக்கும் குறைகள் உண்டு, அதற்காகத்தானே 2024 ஜனவரி 9-ல் பஸ்ஸை நிறுத்தினார்கள். அப்போது அரசோடு பேச உட்கார்ந்தவர்கள் அவருடைய சங்கத்துக்காரர்கள். அதே மாதம் முதல் தேதி வடக்கே லாரி டிரைவர்கள் வண்டியை ஓரங்கட்டினார்கள், ஞாபகம் இருக்கிறதா? விபத்து நடந்து தகவல் சொல்லாமல் போனால் 10 ஆண்டு வரை சிறை என்ற புதுச் சட்டப்பிரிவுக்கு எதிராக. மறுநாள் டெல்லியில் உள்துறைச் செயலாளரோடு பேச உட்கார்ந்தது யார்? அகில இந்திய மோட்டார் டிரான்ஸ்போர்ட் காங்கிரஸ், அதாவது ஓனர்களின் அமைப்பு. ஜெயிலுக்குப் போகப் பயந்தவன் டிரைவர், அவனுக்காகப் பேசியவர் அவனுடைய முதலாளி. அந்தப் பிரிவு நிறுத்திவைக்கப்பட்டது, நல்லதுதான். ஆனால் அந்த மேசையில் கூலியைப் பற்றி யார் வாய் திறந்திருப்பார்கள்?

உங்கள் கடிதம் வந்தபோது நான் தொப்பூரைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்த நீளம்.

இளம் வயதில் கிருஷ்ணகிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதினேன். செல்போன் வராத காலம். மாம்பழக்கூழ் டின், கிரானைட் எல்லாம் லோடு போகும். டிரிப் முடிந்து டிரைவர் மேசைக்கு முன்னால் வந்து நிற்பார். சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்து, நான்காக மடித்த ரசீதுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து உள்ளங்கையால் நீவி வைப்பார். டீசல், பஞ்சர், செக்போஸ்ட், ஏற்றுகூலி, இறக்குகூலி, தார்ப்பாய் கட்டியது, பேட்டா. ரசீது இல்லாத செலவுக்கு "வழிச்செலவு" என்று ஒரு வரி, அது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். வாடகையில் இத்தனை சதவீதம் டிரைவருக்கு, அதில் முன்பணம் கழித்து மீதி.

ஒரு தடவை ஒருவர் வடக்கே ஏதோ ஒரு குடோன் வாசலில் மூன்று நாள் நின்றுவிட்டு வந்தார். இறக்க ஆள் இல்லையாம், பிறகு இடம் இல்லையாம், பிறகு ஞாயிற்றுக்கிழமையாம். டோக்கனை எந்நேரம் கூப்பிடுவார்கள் என்று தெரியாததால் வண்டியை விட்டு நகரவும் முடியவில்லை. டயர் ஓரமாக ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சோறு பொங்கித் தின்றிருக்கிறார். கணக்கு முடிக்கும்போது, "அந்த மூணு நாளுக்கு ஏதாச்சும் போட்டுக் குடுங்கண்ணா" என்றார். நான் ஓனரைப் பார்த்தேன். அவர் கெட்டவர் இல்லை, தானே லாரி ஓட்டி மேலே வந்தவர். "சும்மாதானப்பா நின்ன? தூங்கியிருப்ப இல்ல?" என்றார். டிரைவர் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். என் டிரிப் ஷீட்டில் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது, நின்றதற்கு மட்டும் இல்லை.

ஓனர் அப்படிச் சொன்னதில் வியப்பில்லை, சட்டமே அப்படித்தான் சொன்னது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48, தூரப் பயணம் என்றால் அனுமதியோடு 10-ம் 54-ம். காகிதத்தில் அழகாக இருக்கும். வேலை நேரம் என்றால் என்ன என்று அதில் எழுதியிருப்பதைப் படியுங்கள். வண்டி ஓடும் நேரம், அதைச் சார்ந்த வேலைகளுக்கான நேரம், பிறகு முனையத்தில் வெறுமனே காத்திருக்கும் நேரம், அதுவும் 15 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால். 15 நிமிடம்! குடோன் வாசலில் மூன்று நாள் நின்றவர் இந்த வரியைப் படித்தால் என்ன சொல்வார்? அந்தச் சட்டமும் ஐந்து தொழிலாளர்களாவது இருக்கும் நிறுவனத்துக்குத்தான். ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவரிடம் ஓட்டுகிறவருக்கு அதுவும் கிடையாது. 2020-ல் வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அதையும் சேர்த்து மடித்துவிட்டார்கள். குடோன் வாசல் அப்படியேதான் இருக்கிறது.

இப்போது தொப்பூருக்கு வாருங்கள். மூன்று நாள் நின்றவருக்கு அந்த மூன்று நாள் கூலி எங்கே இருக்கிறது? ரோட்டில் இருக்கிறது. தூக்கத்தை விட்டு வேகமாக ஓட்டி அடுத்த லோடைப் பிடித்தால் கொஞ்சம். டீசலில் மிச்சம் பிடித்தால் கொஞ்சம். இத்தனை கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்று ஓனர் கணக்குக் கட்டிவிடுவார். மிஞ்சினால் டிரைவருக்கு, குறைந்தால் அவர் கையிலிருந்து போகும். தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது கணவாய் முழுக்க இறக்கம். நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம், இன்ஜினையே அணைத்தால் இன்னும் மிச்சம். இன்ஜின் நின்றால் காற்று பிரேக்குக்கு அழுத்தம் கொடுக்கும் கம்ப்ரஸரும் நின்றுவிடும், பவர் ஸ்டியரிங்கும் போய்விடும், கியரின் பிடியும் இருக்காது. முழுப் பாரமும் பிரேக்கில் விழுந்து அது சூடேறி, அழுத்தினாலும் பிடிக்காமல் போய்விடும். பிறகு முன்னால் போகும் கார்தான் பிரேக். 2024 ஜனவரியில் நான்கு பேர் செத்ததைத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். விபத்து நடந்த மறுநாள் நாம் என்ன சொல்கிறோம்? "டிரைவர் குடிச்சிருப்பான், தூங்கியிருப்பான்." நியூட்ரலில் இறக்காதே என்று போர்டு வைத்தாயிற்று, மேம்பாலத்துக்கும் திட்டம் போட்டாயிற்று. கட்டட்டும். ஆனால் மூன்று லிட்டர் டீசலுக்காக ஒரு மனிதன் ஏன் உயிரைப் பணயம் வைக்கிறான் என்று கேட்க ஒரு எஞ்சினியரும் வரமாட்டார். அது கூலிக் கணக்கு. அதைக் கேட்கத்தான் சங்கம் வேண்டும்.

கொரியாவில் கேட்டார்கள். அங்கே லாரி டிரைவர் சங்கம் பல வருடம் போராடி, கண்டெய்னர், சிமெண்ட் லாரிகளுக்கு இவ்வளவுக்குக் குறையாமல் வாடகை தரவேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. 2020 முதல் 2022 வரை நடப்பில் இருந்தது. அதன் பெயரிலேயே 'பாதுகாப்பு' என்ற சொல்லும் உண்டு. குறைத்துக் கொடுத்தால் அபராதம், அதுவும் சரக்கு அனுப்புகிற கம்பெனிக்கும் சேர்த்து. 2022 முடிவில் நீட்டிக்கச் சொல்லி வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசு, வேலைக்குத் திரும்பு என்று உத்தரவு போட்டு முறித்தது, சட்டமும் காலாவதியானது. 2025-ல் மறுபடி நாடாளுமன்றத்தில் நிறைவேற்றி, 2026-லிருந்து நடப்புக்கு என்று கொண்டுவந்தார்கள். வாங்கினார்கள், இழந்தார்கள், மறுபடி வாங்கினார்கள். சங்க வேலை என்றால் இதுதான். உங்கள் நண்பர்கள் ஒருமுறை தோற்றதைப் பார்த்ததுமே சந்தாவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

ஓனர்கள் பாவம் என்றதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. அப்பாவின் கஷ்டத்தை எழுதும் கடிதத்திலேயே ஓனருக்கும் ஒரு வரி ஒதுக்கியிருக்கிறீர்கள், நல்ல மனசு. ஒன்றிரண்டு வண்டிக்காரர் பைனான்ஸ் தவணைக்கு நடுங்குகிறவர்தான். அவரிடம் போய்க் கூலியைக் கூட்டு என்றால் எங்கிருந்து கூட்டுவார்? மூன்று நாள் நிறுத்திவைத்த குடோன்காரரிடம் ஹால்ட்டிங், அதாவது வண்டி காத்து நின்றதற்கான பணம், வாங்க அவரால் முடியவில்லை, கேட்டால் அடுத்த லோடு கிடைக்காது. அந்தப் பணத்தைச் சரக்கு முதலாளியிடம் வசூலிக்க ஓனரும் டிரைவரும் சேர்ந்து நிற்க முடியும். வந்த பணத்தைப் பங்கு போடும்போது சண்டை வரும், அது வேறு.

கேபினில் ஏசி வந்துவிட்டதே என்பார்கள். புதிதாகத் தயாராகும் லாரிகளுக்கு 2025-லிருந்து கட்டாயம்தான், வரவேற்கிறேன். நிற்கும் வண்டியில் ஏசி ஓட இன்ஜின் ஓடவேண்டும், அந்த டீசல் யார் கணக்கு? டிரைவர் கணக்கு என்றால் அவர் அதை அணைத்துவிட்டு, கதவைத் திறந்து போட்டுத்தான் படுப்பார்.

அப்பா சங்கத்தில் சேரலாமா என்பதற்கு வருகிறேன். அப்பாவின் பயம் நியாயமானது. ஒருவராகச் சேர்ந்தால் வண்டி போகும், அவர் ஓட்டும் புக்கிங் ஆபீசில் பத்துப் பேராகச் சேர்ந்தால் போகாது. அதனால் அந்தத் தோழரை முதலில் மற்ற ஒன்பது பேரைப் பிடிக்கச் சொல்லுங்கள். நின்ற நேரத்துக்கு என்ன கேட்கப்போகிறார் என்றும் கேளுங்கள். பதில் இல்லையென்றால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். அதற்குள், ஓட்டுநர் நலவாரியத்தில் அப்பா பதிந்திருக்கிறாரா, அட்டையைப் புதுப்பித்திருக்கிறாரா என்று இந்த வாரமே பாருங்கள். பிள்ளைகளின் படிப்புக்கு உதவி உண்டு, வாங்கினீர்களா?

இன்னொன்று. ஓசூர் கம்பெனியில் வேலை என்று எழுதினீர்களே, நிரந்தரமா, கான்ட்ராக்டா? அங்கே சங்கம் இருக்கிறதா, நீங்கள் அதில் இருக்கிறீர்களா? அப்பாவைப் பற்றி இவ்வளவு கேட்டவர் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.