ஏழு மணிக்கு வீடு திரும்பினாலும் வியட்நாம் சாப்பாடு செய்யலாம்

கேள்வி: கம்பெனி வேலையாக மூன்று மாதம் வியட்நாம் போய்வந்த என் கணவர், வந்ததிலிருந்து அந்த ஊர் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றியே பேசுகிறார். நானும் வேலை முடிந்து ஏழு மணிக்குத்தான் வீட்டுக்கு வருகிறேன். நம் பக்கம் கிடைக்கும் பொருளை வைத்து முக்கால் மணி நேரத்தில் ஏதாவது செய்ய முடியுமா?
– ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

தாராளமாக. ஆசை அவருடையதுதானே, பூண்டு உரிக்கிற வேலையை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

அங்கே வீட்டுச் சாப்பாடு என்றால் நடுவில் வெறும் சோறு, உப்புக் கரிப்பாக ஒரு மீனோ கறியோ, ஒரு கீரை, அப்புறம் தண்ணியாக ஒரு சூப். இந்த சூப்பைத்தான் ‘கான்’ என்பார்கள், கிட்டத்தட்ட நம் ரசத்தின் இடம் அதற்கு. புளி போட்டுச் செய்யும் ‘கான் சுவா’ தெற்கே மேகாங் ஆற்றுப் பக்கத்துச் சமையல், அதற்கு வேண்டிய புளி, தக்காளி, வெண்டைக்காய், ஆற்று மீன் எல்லாம் உங்கள் ஊர்ச் சந்தையிலேயே இருக்கிறது.

ஒரு லிட்டர் தண்ணீரில் சின்ன எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து, இரண்டு தக்காளியும் ஒரு கைப்பிடி அன்னாசித் துண்டும் போட்டுக் கொதிக்க விடுங்கள். கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை ஜிலேபி மீனோ விராலோ அரைக் கிலோ போட்டு ஏழெட்டு நிமிடம், கடைசியாக வெண்டைக்காயைச் சாய்வாக நறுக்கிப் போட்டு இரண்டே நிமிடம், அதற்கு மேல் விட்டால் வழவழவென்று ஆகிவிடும். ஒரு ஸ்பூன் சக்கரை, இரண்டு ஸ்பூன் மீன் சாஸ் (நெத்திலியை உப்பில் ஊறவைத்து வடித்த சாறு), இறக்கியதும் மேலே பொன்னிறமாக வறுத்த பூண்டும் கொத்தமல்லியும்.

மஞ்சள் தூள், மல்லித்தூள், தாளிப்பு எதுவும் வேண்டாம். கை அரிக்கத்தான் செய்யும், எனக்கும் அரித்தது. ஒரு நாள் அரை ஸ்பூன் மிளகாய்த்தூளைத் தூவிவிட்டேன், சாப்பிட்டவர்கள் “மீன் குழம்பு ஏன் இவ்வளவு தண்ணியா இருக்கு?” என்று கேட்டார்கள்.

மீன் கிடைக்காத நாளில் இன்னும் சுலபம். கீரையை வேகவைத்து எடுத்துவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் எலுமிச்சம்பழம் பிழிந்து வையுங்கள். வடக்கு வியட்நாமில் வள்ளைக்கீரை வேகவைத்த தண்ணீரே பல வீடுகளில் அன்றைய கான். கூடவே ஒரு ஸ்பூன் மீன் சாஸும் வெங்காயத்தாளும் அடித்து ஊற்றிய ஆம்லெட் போதும், சோறு வேகிற நேரத்துக்குள் முடிந்துவிடும். சோற்றுக்குப் பச்சரிசி எடுங்கள். களியோடும் ஒரு முறை சாப்பிட்டுப் பார்த்தேன், சரிப்படவில்லை.

கேள்வி: கறியைச் சக்கரைப் பாகில் வேகவைப்பார்களாமே, இனித்துவிடாதா? நாங்கள் பன்றிக்கறி சாப்பிடுவதில்லை, கோழியில் செய்யலாமா?
– ஒரு வாசகர், தர்மபுரி

செய்யலாம், அங்கேயே இஞ்சி போட்டுக் கோழியில் செய்கிறார்கள். சூட்சுமம் பாகில் இருக்கிறது. இரண்டு ஸ்பூன் சக்கரையைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு அடுப்பில் வைத்தால் முதலில் தேன் நிறம் வரும், அங்கே நிறுத்தினால் நீங்கள் பயப்படுகிறபடி இனிக்கும். நன்றாகக் கடுங்காப்பி நிறத்துக்கு வந்து லேசாகக் கசப்பு வாசனை எழும்போது கோழியையும் இஞ்சியையும் போட்டுப் பிரட்டி, மூன்று ஸ்பூன் மீன் சாஸும் அரை டம்ளர் இளநீரும் ஊற்றுங்கள். ஊற்றும்போது தெறிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். இருபத்தைந்து நிமிடத்தில் சுண்டிவிடும். மிளகு தூவி இறக்கினால் மறுநாள் டிபன் பாக்ஸுக்கும் ஆகும். வெல்லம் வேண்டாம், சட்டென்று கருகிவிடும்.

கேள்வி: நாங்கள் சைவம். எங்களுக்கு ஏதாவது உண்டா?
– ஒரு வாசகி, பாலக்கோடு

நிறையவே உண்டு. அங்கே பௌத்தர்கள் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் சைவம்தான் சாப்பிடுவார்கள், நம் அமாவாசை, பௌர்ணமி மாதிரியே. மீன் சாஸுக்குப் பதில் சோயா சாஸ் ஊற்றுங்கள். தக்காளிக்குப் பேர்போன ஊர்க்காரர் நீங்கள், நான்கு பழுத்த தக்காளியை வெங்காயத்தாளோடு கரைய வதக்கி, பொரித்த டோஃபுவைப் போட்டுப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். கடையில் சோயா பனீர் என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். பால் பனீர் போட்டால் அது வேறு பதார்த்தம்.

கேள்வி: மீன் சாஸ் நாற்றம் தாங்க முடியவில்லை. கெட்டுப்போனதா?
– ஒரு வாசகி, ஊத்தங்கரை

இல்லை, அதன் இயல்பே அதுதான். நெத்திலியையும் உப்பையும் பீப்பாயில் போட்டு ஒரு வருடம் போல ஊறவைத்து வடிப்பது அது. ஃபூ குவோக் தீவில் செய்வது பேர்போனது, 2012ல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பெயருக்கே பாதுகாப்புக் கொடுத்தது. சூடான வெறும் வாணலியில் நேராக ஊற்றினால்தான் நாற்றம் தூக்கும், குழம்பு கொதிக்கும்போது ஊற்றினால் அடங்கிவிடும். தொட்டுக்கொள்ள என்றால் ஒரு ஸ்பூன் சாஸுக்கு ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, ஒரு ஸ்பூன் சக்கரை, மூன்று ஸ்பூன் தண்ணீர், நசுக்கிய பூண்டு, மிளகாய். நான் முதல் தடவை காய்ந்த வாணலியில் ஊற்றியபோது மாடியிலிருந்த வீட்டுக்காரம்மா இறங்கி வந்து, எங்கேயோ எலி செத்துக்கிடக்கிறது என்று என் பீரோவை நகர்த்தச் சொல்லித் தேடினார்.