மும்பையில் சீன உணவு எங்கே?

கேள்வி: சயானில் வசிக்கிறோம். ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்கு நல்ல சீன உணவு எங்கே வாங்கித் தரலாம்?

பதில்: முதலில் தெருவோர வண்டிக்கே அழைத்துச் செல்லுங்கள். பொரித்த நூடுல்ஸுடன் முட்டைக்கோஸ், குடைமிளகாய், வெங்காயத்தாள் ஆகியவற்றைச் சேர்த்து, மிளகாயும் பூண்டும் சேர்ந்த சிவந்த செஷ்வான் சாஸில் புரட்டித் தரும் சைனீஸ் பேல், சீனாவில் தேடினாலும் கிடைக்காத, மும்பைக்கே உரிய பண்டம். வாங்கியவுடன் தின்றுவிட வேண்டும். பொட்டலமாக வீட்டுக்குக் கொண்டுபோனால் நமத்துவிடும். எண்ணெய் கறுத்திருந்தால் அடுத்த வண்டியைப் பாருங்கள்.

உட்கார்ந்து உண்ண விரும்பினால், கொலாபாவில் ரீகல் திரையரங்குக்குப் பின்புறம், சீன வம்சாவளிக் குடும்பத்தார் நடத்திவரும் லிங்ஸ் பெவிலியன் என் தேர்வு. நண்டும் மீனும் அங்கே விசேஷம். சிக்கன் மஞ்சூரியனும் இந்த நகரத்துப் பிள்ளைதான்: 1975-இல் கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் சமையல் கலைஞர் நெல்சன் வாங் அதை உருவாக்கியதாகக் கூறுவர்.